பெயரைக் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே

“காளிமுத்து விஜயராணி.”

முதலியார் பெயரைக் கூப்பிட்டார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிறவரை எங்கள் பக்கம் முதலியார் என்றுதான் சொல்வோம். கறுப்புக் கோட்டு, தொண்டையில் எந்நேரமும் ஒரு சளி. பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் கூண்டைப் பார்த்தார்.

கூண்டில் விஜயா நின்றாள். ஊதா நிற ஸ்வெட்டர், மேல் பொத்தான் இல்லை. காலையிலிருந்து விடாத மழை. மண்டபம் முழுக்க நனைந்த குடைகளின் வாடை. நான் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்து, மடியில் இருந்த ஃபைலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

விஜயாவின் உதடு அசைந்தது. நான் அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அவளைத் தடுப்பு இல்லத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்து ஒற்றை அறைக் காம்பராவும் அதோடு கைவிட்டுப் போய்விடும்.

அந்தச் சொல் எங்கிருந்து எங்கள் வாய்க்கு வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நகர்த்த முடியாது. விஜயா கொஞ்ச நேரம் கூண்டிலேயே நிற்கட்டும். ஆறு மாதக் கர்ப்பத்தோடு மலை ஏறித் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள், நிற்பது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை.

இந்த நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எழுதினால் அடுத்த தவணைக்கு நானே கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். மலையகத்தில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரட்டுக்களத்து வாய்

தோட்டத்தில் பிறக்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் முன், வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். நம் பெயர் வந்த உடனே “ஆமாங்கய்யா” என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்டால் அரைப் பேர் போடுவார், அதாவது அரை நாள் வேலை. அன்றைக்கு அவர் வீட்டில் சண்டை என்றால் அதுவும் கிடையாது.

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் சின்ன வயதிலேயே பேர் பதிந்தேன். ஒரு மாதத்திலேயே வாய் பழகிவிட்டது. என் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. பெரட்டுக்களத்துக்கு மேலே பாதையில் ஒரு வளைவு உண்டு. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே ஓடி வருகிறவள், அந்த வளைவிலேயே “ஆமாங்கய்யா” என்று கத்துவாள். சில நாள் பெயர் கூப்பிடும் முன்பே கத்திவிடுவாள். கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல் பேர் போடுவார்.

கேள்வி என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. அங்கே கேள்வியே இல்லை. பெயர் வந்தால் ஆமாம் சொல்ல வேண்டும், சொன்னால் அன்றைக்குச் சோறு. மூன்று தலைமுறையாக எங்கள் வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

இதனால் எனக்கு வந்த முதல் சேதம் என் கல்யாணம். பதிவாளர் பெரிய புத்தகத்தைத் திறந்து, “முத்தையா தனலெட்சுமி” என்று வாசித்தார். இன்னாரை மணக்கச் சம்மதமா என்று கேட்க அவர் மூச்சு இழுப்பதற்குள் நான் ஆமாங்கய்யா என்றுவிட்டேன். பொண்ணுக்கு என்ன அவசரம் என்று மாமன்மார் ஒரு வாரம் கேலி பண்ணினார்கள். கட்டியவன் நாலு வருஷம் இருந்தான், ஒரு மகள் பிறந்தாள், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். கேள்வியை முழுதாகக் காதில் வாங்கியிருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பேனோ என்னவோ.

நான் சொன்ன ஓவ்

அவன் போன பிறகு கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனேன். அந்த வீட்டு நாய்க்குக் கட்டில், எனக்குக் குசினித் தரையில் பாய். திரும்பி வந்தபோது செக்ரோலில் என் பேரை வெட்டியிருந்தார்கள். மகளைத் தலவாக்கலையில் அக்காவிடம் விட்டுவிட்டு, ஹட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். அங்கே சாப்பிட வரும் ஒரு பெண்ணோடு பழகித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

என்னை யாரும் மயக்க மருந்து கொடுத்து இழுத்துப் போகவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி அழுதுகொண்டும் வரவில்லை. பாத்திரம் கழுவுவதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வந்தேன். பதினொரு வருஷம் செய்தேன். இதை முன்னேயே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் பத்திரிகைக்குப் போன் பண்ணி, குடும்பப் பெண்கள் படிக்கும் இடத்தில் இப்படிப்பட்டவளை எழுத விடுவதா என்று கேட்டாராம். ஐயா, நானும் குடும்பப் பெண்தான். என் குடும்பத்துக்குச் சோறு போட்டது நான் மட்டும்தான்.

பொலிஸ் என்னை முதல் தடவை பிடித்தது ஒரு பகல் மூன்று மணிக்கு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். கைப்பையில் ஆணுறை இரண்டு பெக்கட் இருந்தது. வழக்குக்கு அது போதும் என்றார்கள். வடை தின்பதற்கு யாரும் அதைக் கொண்டு வரமாட்டார்கள் என்று ஒரு பொலிஸ்காரர் தன் சிநேகிதனிடம் சொல்லிச் சிரித்தார்.

பாலியல் தொழில் செய்வது குற்றம் என்று நேராகச் சொல்லும் வரி சட்டத்தில் கிடையாது என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். ஆனால் வேலையில்லாமல் தெருவில் திரிகிறவர்களைப் பிடிப்பதற்கென்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. எங்களை அதில்தான் போடுவார்கள். தெருவில் திரிந்த ஆம்பிளை எவனையும் அதில் போட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. கடைத்தெருச் சிங்களம் எனக்கு நன்றாக வரும். வெங்காயம் வாங்கலாம், பஸ்ஸில் சண்டை பிடிக்கலாம். நீதிமன்றச் சிங்களம் வேறு. அதில் எனக்கு விளங்கிய ஒரே விஷயம் என் பெயர். முதலியார் “முத்தையா தனலெட்சுமி” என்றதும் நான் நிமிர்ந்து நின்று, “ஓவ் சேர்” என்றேன். ஆமாங்கய்யா என்பதைச் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் இன்னும் ஏதோ வாசித்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அதற்கும் ஓவ் சேர் என்றேன். தோட்டத்திலிருந்து வந்த மற்றப் பெண்களும் அப்படியே சொன்னார்கள். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

எங்களோடு நின்றவர்களில் சந்திரா அக்கா ஒருத்திதான் சிங்களப் பெண். அவள் மட்டும் இல்லை என்று சொல்லிப் பிணையில் வெளியே வந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

“ஏன் நங்கி எல்லாத்துக்கும் ஓவ் சொன்னே?” என்று தன் உடைந்த தமிழில் கேட்டாள். நங்கி என்றால் தங்கச்சி.

“பேரைக் கூப்பிட்டாங்கல்ல?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பெரட்டைப் பற்றிச் சொன்னேன். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்றுதான் உன்னிடம் கேட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். நான் தெருவில் ஆண்களை அழைத்தேன், அநாகரிகமாக நடந்தேன் என்று ஏதேதோ வாசித்திருக்கிறார்கள். வடையைத் தவிர நான் அன்று எதையும் தொடவில்லை.

வெட்கப்பட்டேனா என்று கேட்பீர்கள். கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் இந்த இருபது வருஷம் ஓடியிருக்கிறது.

தேத்தண்ணித் தண்டனை

இந்தத் தொழில் செய்கிற பெண்கள் சேர்ந்து எங்கள் சங்கம் தொடங்கிய கதையை விரிவாகச் சொல்ல இன்று இடமில்லை. ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் பாய் அதிரும். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, அடித்த வாடிக்கையாளன் மேல் முறைப்பாடு எழுதுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதிபர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, பிணைக்கு நிற்பது என்று வேலைக்குக் குறைவில்லை.

ஒரு தடவை பெண்கள் தினக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். முன் வரிசை காலியாக இருந்ததால் அதில் உட்கார்ந்தோம். ஒரு தொழிற்சங்கத் தலைவர் வந்து, இது தொழிலாளர்களுக்கு ஒதுக்கிய இடம், கொஞ்சம் பின்னால் போக முடியுமா என்று பணிவாகக் கேட்டார். நாங்களும் தொழிலாளர்கள்தான் என்றேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. கூட்டம் முடியும்வரை நாங்கள் எழும்பவில்லை. அவருக்கும் இருமல் நிற்கவில்லை.

எல்லா வேலையிலும் கஷ்டமானது, பெண்களின் வாயை மூட வைப்பது. எங்களை நிறையப் பேசச் சொல்லித்தர ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லித்தந்தது பேசாமல் நிற்க.

வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பழைய டயறியைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு பெயர்களைக் கூப்பிடுவேன். பெயரைக் கேட்டதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வரை மனசுக்குள் எண்ண வேண்டும். பிறகு ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: “மட்ட தெமளென் கியன்ன.” எனக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று அர்த்தம். தமிழில் கேட்பது எங்கள் உரிமை. சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

வாய் தவறி ஓவ் சேர் என்றவள் அன்று எல்லாருக்கும் தேத்தண்ணி போட வேண்டும். இதுதான் தண்டனை. முதல் மூன்று வாரம் நாங்கள் குடித்த தேத்தண்ணிக்கு அளவே இல்லை. சமையல் செய்துகொண்டே, தலை வாரிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே எப்படிக் கூப்பிட்டாலும் பதில் வந்துவிடும். ஒருத்தி தூங்கி வழியும்போது கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே ஆமாங்கய்யா என்றாள்.

இதில் ஆக மோசம் விஜயா. மற்றவர்கள் பெரட்டை விட்டு வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. விஜயா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். புருஷன் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாமல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை டவுனுக்கு வருவாள். வாரம் முழுக்கப் பெரட்டில் ஆமாம் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு என் ஒத்திகை எப்படிப் பிடிபடும்?

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்தவள், தொடர்ந்து நாலு தடவை தோற்று, அடுப்படியில் நின்றபடியே என்னோடு சண்டைக்கு வந்தாள்.

“பேசாம நின்னா திமிருன்னு நெனப்பாங்கக்கா. கணக்கப்புள்ள ஐயா முன்னாடி அப்பிடி நின்னா மலைக்கே ஏத்த மாட்டாரு.”

“அது பெரட்டு, இது கோட்டு. அங்க பேசலைன்னா அரைப் பேரு போகும். இங்க பேசுனா முழுப் பேரும் போயிரும்.”

“பெரியவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. வாயை மூடிக்கிட்டு நிக்க எனக்கு ஒடம்பெல்லாம் கூசுதுக்கா.”

அவள் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. கூச்சம் என்று அவள் சொன்னதுதான் உண்மை. துரைமார் முன்னால், ஐயாமார் முன்னால் பேசாமல் நிற்க எங்களுக்கு உடம்பு பழகவே இல்லை. கூசினாலும் நில் என்றேன். அன்று அவள் போட்ட தேத்தண்ணியில் கோபத்தில் சீனியே போடவில்லை.

மூன்றாவது தடவை

கொரோனாவும் பெட்ரோல் வரிசையும் கழிந்த ஒரு மழைக்காலம். சனிக்கிழமை பின்னேரம் விஜயாவைப் பஸ் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவள் அப்போது வீட்டுக்குப் போகத்தான் நின்றிருந்தாள். கையில் பிள்ளைகளுக்குச் சாப்பிட வாங்கிய பாண் ரொட்டி, எழுத ஒரு கொப்பி. பைக்குள் ஆணுறை ஒரு பெட்டி. அந்தப் பெட்டி அதற்கு முதல் நாள் அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவள் கையில் கொடுத்தது. பாதுகாப்பாக இரு என்று ஒரு அரசாங்க அலுவலகம் கொடுக்கிறது, அதை வைத்திருந்ததற்கு இன்னொரு அரசாங்க அலுவலகம் பிடிக்கிறது.

விஜயாவுக்கு இது மூன்றாவது தடவை. எங்களிடம் வருவதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் ஓவ் சேர் சொல்லியிருந்தாள். இரண்டாம் தடவை நீதவான், இன்னொரு முறை வந்தால் தடுப்பு இல்லத்துக்கு அனுப்புவேன் என்று எச்சரித்திருந்தார்.

போனால் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் வேலைக்கு வராவிட்டால் செக்ரோலில் பேரை வெட்டுவார்கள். பேரை வெட்டினால் லயத்து வரிசையில் இருக்கும் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் நாலாம் வகுப்பு. பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் பாயைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் படுக்கும்? ஏன் அம்மா வரவில்லை என்று லயம் முழுக்கக் கேட்கும்போது என்ன சொல்லும்?

எங்களுக்கு உதவுகிற இளம் சட்டத்தரணி ஒரு சிங்களப் பிள்ளை, காசு வாங்காமல் வருகிறவள். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள். எட்டரைக்குப் போன் வந்தது. வழியில் மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது, இறங்கி நடந்து வருகிறேன் என்றாள். ஒன்பதுக்கு நீதவான் வந்து உட்கார்ந்துவிட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கதிரை காலி. அவர் காலையில் வேறு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாராம்.

விஜயாவை வண்டியிலிருந்து இறக்கியபோது தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர், சைகை எல்லாம் வேண்டாம் என்று அதட்டினார். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. பார்வையாளர் வாங்கில் இருக்கிறவள் வாயைத் திறந்தால் வெளியே அனுப்புவார்கள். இருபது வருஷம் கத்திப் பழகிய நான் கையாலாகாமல் உட்கார்ந்திருந்தேன்.

உதடு

இப்போது விஜயாவிடம் வருவோம். பாவம், நெடுநேரம் நிற்கிறாள்.

“காளிமுத்து விஜயராணி.”

உதடு அசைந்தது. மூடிக்கொண்டது. வந்த சொல்லை அவள் விழுங்கினாள்.

முதலியார் புத்தகத்தைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். விஜயா கூண்டின் கம்பியைப் பிடித்தாள். முகம் வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். பக்கத்தில் நின்ற பெண் பொலிஸ் அவள் முழங்கையில் தட்டி, “கதா கரன்ன” என்றாள். பேசு என்று. மண்டபத்தில் இருந்த எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வழக்கமாக ஒரு வினாடியில் முடிகிற காரியம் இது.

நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அவளும் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு காலையும் பேர் போய்விடுமே என்று பயந்த பெண், பெயரைக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் நின்றாள். அதைவிடத் தைரியமான ஒரு காரியத்தை நான் பார்த்ததில்லை. கண் கலங்கியது. துடைத்தால் அதையும் சைகை என்பார்கள் என்று அப்படியே விட்டேன்.

மூன்றாம் தடவை கூப்பிட்டதும் நீதவானே நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒரு பெண்மணி, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“மட்ட தெமளென் கியன்ன, சேர்” என்றாள் விஜயா.

அம்மா இருக்கிற இடத்தில் சேர் என்றதற்கு யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. காலியாக இருந்த கதிரையைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் எப்போது வருவார் என்று கேட்டார். பதினொரு மணிக்கு என்றார்கள். அப்படியானால் இந்த வழக்கைப் பதினொன்றுக்கு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் திறந்தார்.

இவ்வளவுதான். வானம் இடியவில்லை, யாரும் திமிர் என்று சொல்லவில்லை. கேட்டாள், கிடைத்தது. இத்தனை வருஷம் நாங்கள் கேட்காமல் இருந்தோமே என்று எனக்கு எரிந்தது.

பத்தரைக்குச் சட்டத்தரணிப் பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்தாள். மொழிபெயர்ப்பாளரும் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெறும் வயது, மழைத்துளி விழுந்த கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைக்கிற மாதிரி கழுத்துப்பட்டியால் துடைத்தார். குற்றப்பத்திரத்தை எடுத்து, தமிழ்ப் பாடம் நடத்துகிறவர் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

விஜயா கேட்டுக்கொண்டே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முன்னே இரண்டு தடவை எதற்கு ஆமாம் சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. முகம் கறுத்தது. பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்து, நேராக நின்றாள்.

“இல்லீங்கய்யா. நான் அப்பிடி யாரையும் கூப்பிடல. வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்னேன். கையில பாண் இருந்துச்சு.”

சட்டத்தரணிப் பிள்ளை கிளினிக் அட்டையை நீட்டினாள். பெட்டி எங்கிருந்து வந்தது என்பது அதில் முத்திரையோடு இருந்தது. நீதவான் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கிளினிக் கொடுத்ததைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது என்று பொலிஸைக் கேட்டார். அடுத்த தவணைக்குக் கொண்டு வருகிறோம் என்றார்கள். அவர்கள் கொண்டு வரவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தவணை இழுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். செக்ரோலில் விஜயாவின் பேர் இன்னும் இருக்கிறது. பெரியவள் இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள்.

அன்றைக்கு மிச்சம் இருந்தது பிணை. பிணையாள் ஒருவர் வந்து பொறுப்பெடுத்தால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்றார் நீதவான். கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை எல்லாம் என் ஃபைலில் தயார். கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். எத்தனையோ பேருக்கு நின்றிருக்கிறேன், எனக்கு இது பழகிய இடம்.

முதலியார் கடிதத்தைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

“முத்தையா தனலெட்சுமி.”

“ஓவ் சேர்” என்றேன்.

மண்டபம் அதிரச் சொல்லிவிட்டேன். முதலியாரின் வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடியே நின்றது. மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, அவை இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. கேக்க முன்னமே ஓம் எண்டு சொல்லிப்போட்டியள். இந்தப் பிள்ளைக்கு நீங்கள் பொறுப்பு நிக்கிறியளோ எண்டுதான் கேக்கப் போயினம். தமிழிலை ஒருக்காக் கேக்கட்டோ?”

“கேளுங்கய்யா. கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்.”

கூண்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விஜயா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் கையெழுத்துப் போடக் கூண்டுப் பக்கமாகப் போனபோது, குனிந்து காதோடு சொன்னாள்.

“அக்கா, இன்னைக்குத் தேத்தண்ணி நீங்கதான்.”

அன்று பின்னேரம் தையல் கடைக்கு மேலே கூடியிருந்த ஒன்பது பேருக்கும் நானே தேத்தண்ணி போட்டேன். விஜயாவின் கோப்பையில் இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டேன். குடித்துவிட்டு அவள் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள், காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும்.